மியூசியத்தில் குழந்தைகள் விளையாடும் இடம்: வருகிறவர்கள் சொல்வதை வைத்து அதைச் சரிசெய்வது எப்படி?

சென்னையில் வயதானவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தவை. 1851ல் மியூசியம் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள மிருகங்கள் இருந்தால் ஜனங்கள் கூடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். 1855ல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை வந்துவிட்டது. அப்புறம் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் கருத்துப் படிவமும் கிடையாது, கூகுள் ரிவ்யூவும் கிடையாது. கூட்டத்தின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் பார்த்தார், பார்த்ததை வைத்து ஒரு காரியம் செய்தார். நான் இங்கே சொல்லப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

நகரத்துக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன மியூசியத்தின் குழந்தைகள் மூலையில் ஏழு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பெரிய பட்ஜெட் கிடையாது. ஒரு ஹால், ஒரு திண்ணை, பின்னால் ஒரு முற்றம். மியூசியமோ அறிவியல் மையமோ நூலகத்தின் சிறுவர் பகுதியோ, குழந்தைகள் கைவைத்து விளையாடுகிற இடம் எதையாவது நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு உதவும். காசு அதிகம் ஆகாது, ஆனால் தரையில் நிறைய நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

பதிவேட்டில் இருப்பது பாதி விஷயம்தான்

வாசலில் ஒரு கருத்துப் பதிவேடு இருக்கும், நூல் கட்டின பேனாவோடு. அதில் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'அருமை.' 'சூப்பர்.' 'ஏசி போடவும்.' 'டாய்லெட் சுத்தமாக இல்லை.' எழுதுகிறவர் பெரியவர், எழுதுகிற நேரம் கிளம்புகிற நேரம், பக்கத்தில் குழந்தை புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்களே, அதுவே பெரிய விஷயம், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு செலவு செய்யக் கிளம்பாதீர்கள்.

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். புதிர்ப்படம் அடுக்கும் மேசை ஒன்று வைத்திருந்தோம். ஒரே மாதத்தில் மூன்று பேர், 'இங்கே என் பையனுக்குப் போரடித்துவிட்டது' என்ற மாதிரியே எழுதியிருந்தார்கள். சரி, புதிர்கள் பழசாகிவிட்டன போல என்று நினைத்துப் புதுசு வாங்கினோம், நல்ல மரத்தில் செய்தது, விலையும் அதிகம். அடுத்த மாதமும் அதே புகார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேசைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி. மூன்று வயதுக் குழந்தை சராசரியாக 95 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு சிறுவன் வந்தான், மேசை விளிம்பில் தாடையை வைத்தான், கையை மேலே தூக்கித் துண்டுகளைத் தடவினான். அவன் கண்ணுக்குப் படம் தெரியவில்லை, மேலே இருந்த டியூப்லைட்டின் பளபளப்புதான் தெரிந்திருக்கும். ரெண்டு துண்டைக் கீழே தள்ளிவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டான். அம்மாவின் கண்ணுக்கு அது போரடிப்பதாகத்தான் தெரியும், வேறு எப்படித் தெரியும்?

தச்சர் வந்து மேசைக் கால்களை 45 சென்டிமீட்டருக்கு அறுத்துக் கொடுத்தார். அத்தோடு அந்தப் புகார் நின்றது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: புகார் பொய்யாக இருப்பது அபூர்வம், ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஊகம். ஒவ்வொரு கருத்தையும் 'அங்கே போய்ப் பார்' என்று வந்த தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஏ4 தாளில் உங்கள் இடத்தின் வரைபடத்தைக் கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள். வாசல், ஜன்னல், ஃபேன், ஒவ்வொரு விளையாட்டுப் பொருளும் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவிட்டு இருபத்தைந்து முப்பது பிரதி ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு தாள். குழந்தை உள்ளே வந்ததிலிருந்து போகிறவரை எந்த வழியில் போனது என்று ஒரு கோடு, நின்ற இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் எத்தனை நிமிஷம் நின்றது. போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். இது புது வித்தையில்லை, 1920களிலேயே யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் மியூசியங்களில் ஸ்டாப்வாட்சோடு பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து இப்படிக் குறித்திருக்கிறார்.

நேரத்தைவிட முக்கியமாக இன்னொன்றைக் குறிக்க வேண்டும்: ஏன் விட்டுவிட்டுப் போனது? முடித்துவிட்டதால் போனதா, இன்னொரு குழந்தை பிடுங்கியதால் போனதா, பெரியவர் 'போதும் வா' என்றதால் போனதா, புரியாமல் போனதா. இந்த நாலும் நாலு வேறு வேறு வைத்தியம் கேட்கிற நோய்கள். பிடுங்குவது நடந்தால் அதே பொருள் இன்னொன்று வேண்டும். புரியவில்லை என்றால், யாரும் படிக்காத அந்த வழிமுறைப் பலகையை எடுத்துவிட்டு முதல் படியை நீங்களே பாதி செய்து வைத்துவிடுங்கள், குழந்தை மீதியைச் செய்யும்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால் வழித்தடம் தானாகத் தெரியும். எங்கள் இடத்தில் வடகிழக்கு மூலைக்கு ஒரு கோடுகூடப் போகவில்லை. பொருள் நல்ல பொருள்தான், தறி மாதிரி ஒன்று, நூல் கோர்க்கலாம். அந்த மூலையில் ஃபேன் காற்று படாது, அவ்வளவுதான் காரணம். மே மாதச் சென்னையில் காற்று வராத மூலையில் எந்தக் குழந்தை உட்காரும்?

எப்போது பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு வார நாள் காலை (பள்ளிக்கூட வேன்கள் வருகிற நேரம்), ஒரு வார நாள் மதியம், ஒரு ஞாயிறு மாலை, குறைந்தது இந்த மூன்றும். காணும் பொங்கலையும் கோடை விடுமுறையையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றைச் சாதாரண நாளோடு கலந்தால் கணக்குக் குழம்பிவிடும். ஆனால் காணும் பொங்கலன்று ஒரு தடவையாவது போய் நில்லுங்கள், கூட்டம் நெருக்கும்போது எது உடைகிறது, எங்கே நெரிசல் ஆகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஃபோட்டோ, வீடியோ எடுக்காதீர்கள். தாளில் 'சிவப்புச் சட்டை, 4 வயது இருக்கலாம்' என்று எழுதினால் போதும், பெயர்கூட வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரையும் குழந்தைகளாகத்தான் வைத்திருக்கிறது, அவர்கள் தகவலைத் திரட்ட பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், முன்பின் தெரியாதவர் தன் குழந்தையைப் படம் பிடித்தால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? வாசலில் 'இந்த இடத்தை இன்னும் நன்றாக்க இன்று கவனித்துக் குறிப்பெடுக்கிறோம்' என்று ஒரு அட்டை வையுங்கள், கேட்கிறவர்களுக்கு அந்தத் தாளையே காட்டுங்கள்.

குழந்தையிடம் கேட்பது

'பிடிச்சிருக்கா கண்ணு?' என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் தலையாட்டும். பெரியவர் கேட்டால் 'ஆமா' சொல்ல வேண்டும் என்றுதானே நாம் வளர்த்திருக்கிறோம். சிரிப்பு முகம், அழுகை முகம் போட்ட அட்டையைக் கொடுத்தாலும் அதே கதைதான், சின்னக் குழந்தைகள் பெரிய சிரிப்பைத்தான் தொடும், ஏனென்றால் அந்தப் படம் அழகாக இருக்கிறது. இன்னொரு தொல்லை, கேள்வி குழந்தைக்கு, பதில் அப்பாவிடமிருந்து வரும்: 'சொல்லு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு.'

எனக்குப் பலன் கொடுத்த கேள்விகள் இவை:

'நாளைக்கு உன் ஃப்ரெண்டு இங்க வந்தா முதல்ல எதைக் காட்டுவே?'

'இதுல எது கஷ்டமா இருந்துச்சு?'

'பாப்பா யாராவது வந்தா எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லுவே?' இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள், ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஐந்து வயதுக் குழந்தை சரியாகக் காட்டிக் கொடுக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, குழந்தையை உங்களுக்கு வழிகாட்டியாக்குவது. 'நான் இங்க புதுசு, எனக்கு எல்லாத்தையும் சுத்திக் காட்டறியா?' என்று கேட்டுவிட்டுப் பின்னாலேயே நடங்கள். இங்கிலாந்தில் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் சின்னக் குழந்தைகளின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். குழந்தை கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது, குழந்தையே கேமராவில் எடுப்பது, வரைபடம் போடுவது எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். நமக்குக் கேமராகூட வேண்டாம். அட்டைச் சட்டம் ஒன்று வெட்டிக் கொடுத்து 'இது வழியாப் பாரு, எது பிடிக்குதோ அங்க நில்லு' என்றால் போதும். ஒரு சிறுமி என்னை நேராகத் தீயணைப்புக் கருவியிடம் கூட்டிப்போனாள். அவள் கண்ணுக்கு அந்த ஹாலிலேயே அதுதான் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. மறுநாளே அதன் பக்கத்தில் இருந்த ஏறக்கூடிய பெஞ்சை நகர்த்தினோம்.

எழுதத் தெரிந்த வயதுக்கு ஓட்டுப் போடும் முறை நன்றாக வேலை செய்யும். உள்ளே வரும்போது ஆளுக்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் மூடி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் பக்கத்தில் ஒரு டப்பா, மறுபடி வந்தால் எதை விளையாடுவாயோ அதில் போடு. இதில் ஒரு எச்சரிக்கை: குறைந்த ஓட்டு வாங்கியதை உடனே தூக்கிவிடாதீர்கள். எங்கள் பல்லாங்குழிக்கு எப்போதும் ஓட்டுக் குறைவு, ஆனால் கவனித்த தாள்களில் அங்கே உட்கார்ந்தவர்கள்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள், பாட்டியும் பேத்தியுமாக.

பல்லாங்குழியைச் சொன்னதும் புளியங்கொட்டை ஞாபகம் வருகிறது. ஒரு அம்மா பதிவேட்டில் எழுதியிருந்தார், 'சின்னவள் ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டாள், பயந்துவிட்டேன்.' ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை. அன்றைக்கு மாலையே கொட்டைகளை எடுத்துவிட்டோம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் சிறு பாகக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையில் அடைக்கலாம். வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய் போதும், அது கொஞ்சம் அகலம், அதனால் இன்னும் பாதுகாப்பு. போதாததற்கு மியூசியத்தில் விதை, தானியம் எல்லாம் வண்டு வர வழி, பக்கத்து ஹாலில் பழைய துணியும் ஓலைச்சுவடியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது பல்லாங்குழியில் பெரிய மரக் காய்கள், குழிகளும் அதற்கேற்ற அகலம்.

பாட்டியின் முழங்கால்

குழந்தை எவ்வளவு நேரம் விளையாடும் என்பதைக் குழந்தை தீர்மானிப்பதில்லை, கூட வந்தவரின் கால் தீர்மானிக்கிறது. வார நாட்களில் எங்கள் இடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிவருவது பெரும்பாலும் தாத்தா பாட்டிகள்தான். நாங்கள் குழந்தைகளுக்கு அழகான குட்டி நாற்காலி போட்டிருந்தோம், பெரியவர்களுக்கு ஒன்றும் போடவில்லை. பதிவேட்டில் யாரும் 'எனக்கு நாற்காலி வேண்டும்' என்று எழுதியதில்லை. நம் ஊர்ப் பாட்டிகள் தங்களுக்கென்று எதையும் கேட்டு எழுத மாட்டார்கள். சுவரில் சாய்ந்து நிற்பார்கள், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொள்வார்கள், அப்புறம் 'வாடா செல்லம், போலாம், நாழியாச்சு' என்பார்கள்.

ஒரு நாள் ஒரு பாட்டியிடம் நேராகவே கேட்டேன், 'பாட்டி, இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கறதுக்கு என்ன செஞ்சா நல்லா இருக்கும்?'

'குழந்தைக்கு ஒண்ணும் குறையில்லம்மா. எனக்குத்தான் முட்டி வலிக்குது. கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியாது.'

சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நாற்காலிகள் ஆறு வாங்கினோம். கைப்பிடி முக்கியம், அதைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார்கள். குழந்தை தெரிகிற மாதிரி, ஃபேனுக்குக் கீழே போட்டோம், பக்கத்தில் குடிதண்ணீர். அதற்கு முந்தின மாதத்துத் தாள்களையும் பிந்தின மாதத்துத் தாள்களையும் வைத்துப் பார்த்தபோது, பெரியவர் 'வா' என்று கூப்பிட்டதால் கிளம்பியவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தார்கள். விளையாட்டுச் சாமான் ஒன்றுகூடப் புதிதாக வாங்கவில்லை.

அதனால் பெரியவர்களிடம் கேட்கும்போது 'உங்கள் குழந்தைக்கு எப்படி இருந்தது?' என்று மட்டும் கேட்காதீர்கள், 'உங்களுக்கு எது சிரமமாக இருந்தது?' என்று கேளுங்கள். வெளியே போகும் வாசலில் கேட்காமல் உள்ளே அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, குழந்தை ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கும்போது கேளுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். எழுதச் சொல்லாதீர்கள், அவர்கள் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'இருக்கை வசதி தேவை' என்று நீங்கள் எழுதினால் நாளைக்கு அது வெறும் ஒரு வரி. 'கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியாது' என்பதை நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துப் பாருங்கள், நாற்காலிக்குப் பணம் ஒதுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் ஆசிரியர்களின் கவலை வேறு. நாற்பது குழந்தைகள், இருபது நிமிஷம், எண்ணிக்கை குறையாமல் வேனில் ஏற்ற வேண்டும். அவர்களிடம் அன்றைக்கே கேட்டால் பதில் வராது, மறுநாள் போனில் ஐந்து நிமிஷம் பேசுங்கள். எனக்கு ஒரு ஆசிரியை சொன்ன யோசனை, ஹாலைத் தரையில் வண்ணக் கோடு போட்டு நாலாகப் பிரிப்பது. பத்துப் பத்துப் பேராக மாறிமாறிப் போனார்கள், தள்ளுமுள்ளு பாதி குறைந்தது.

தினமும் பார்க்கிறவர்களைக் கேளுங்கள்

ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் தெரிந்ததில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது. எங்கள் அக்கா ஒரு சனிக்கிழமை சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு ஃபோம் பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். கீழே ஈரம், கறுப்பாகப் பூஞ்சை. 'தினமும் இந்த இடத்துல மட்டும் தண்ணி பாட்டில் கொட்டுது, நான் தொடைக்கறேன், அடியில போறது தெரியல.' பாட்டில்களை வைக்க ஓர் இடம் இல்லாததால் எல்லாக் குழந்தையும் பாயின் அந்த ஓரத்தில்தான் வைக்கிறது, ஓடும்போது கால் படுகிறது. செருப்பு வைக்கும் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு தட்டு அடித்தோம், விஷயம் முடிந்தது. இதை எந்தப் பார்வையாளரும் எழுதியிருக்க முடியாது.

வாரம் ஒரு தடவை அவர்களோடு டீ குடிக்க உட்காருங்கள். இந்த வாரம் என்ன உடைந்தது, என்ன தொலைந்தது, எந்தக் குழந்தை எங்கே அழுதது, டிக்கெட் கவுன்ட்டரில் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் சொன்னதால் ஒன்று மாறினால் அவர்கள் பெயரைச் சொல்லியே நிர்வாகத்தில் சொல்லுங்கள், அது அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை.

வராதவர்கள்

பதிவேட்டில் எழுதுகிறவர்கள் தமிழோ ஆங்கிலமோ எழுதத் தெரிந்தவர்கள், எழுத நேரம் உள்ளவர்கள். சென்னையில் தெலுங்கு, உருது, இந்தி பேசுகிற குடும்பங்கள் எத்தனை! கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கிற குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வருகின்றன, மியூசியத்துக்கும் வருகின்றன. அவர்களிடம் அவர்கள் மொழியில் பேச ஒரு கல்லூரி மாணவரைக் கூப்பிடுங்கள், மாதம் ஒரு ஞாயிறு போதும்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தை, சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தை, பார்வை இல்லாத குழந்தை, இவர்கள் உங்கள் இடத்துக்கு வரவில்லை என்றால் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று அர்த்தமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை அவர்கள் பயன்படுத்தத்தக்கதாக வைக்கச் சொல்கிறது. சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு நீங்களே போய், பெற்றோர் இரண்டு மூன்று பேரைக் கூட்டிவந்து, கதவு திறக்கும் முன்பு காலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். எங்களிடம் வந்த ஒரு அப்பா உள்ளே நுழைந்ததும் காட்டியது, கைகழுவும் இடத்தில் இருந்த கை உலர்த்தும் மெஷினை. அந்தச் சத்தம் தன் மகனை ஹால் முழுக்கத் துரத்தும் என்றார். சுவிட்சை அணைத்துவிட்டுத் துண்டு வைத்தோம்.

சேர்ந்ததைப் பிரிப்பது

ஒரு நோட்டு, கோடு போட்டது, அது போதும். தேதி, நேரம், குழந்தையின் வயது, எந்த இடம், என்ன சொன்னார்கள் அல்லது என்ன பார்த்தோம். கூகுள் ரிவ்யூவில் வருவதும் இதே நோட்டில் ஏற வேண்டும், நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிபடக்கூடியது, தொண்டையில் அடைக்கக்கூடியது, விரல் நசுங்கக்கூடியது, மின்சாரம், இவை ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே. அதைச் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தப் பொருளை எடுத்து உள்ளே வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று தள்ளிப்போடக் கூடாது. மற்றவற்றை மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

'ஏசி போடவும்' என்பதையே எடுத்துக்கொள்வோம். நேரம் குறித்திருந்ததால் ஒன்று தெரிந்தது, அதை எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தவர்கள். மேற்குச் சுவர், பெரிய ஜன்னல், வெயில் நேராகப் பாய்மேல் விழுகிறது. ஏசிக்கு எங்களிடம் பணம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம், கட்டை அடுக்கும் இடத்தைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம், அந்தப் பக்கம் இரண்டு சுவர் ஃபேன். ஏசி வேண்டும் என்று இப்போதும் எழுதுகிறார்கள், ஆனால் வேர்த்து வழிந்து பத்து நிமிஷத்தில் கிளம்புகிறவர்கள் இல்லை.

அட்டையில் செய்து பார்த்துவிட்டு மரத்தில் செய்யுங்கள்

மாற்றம் எதுவானாலும் முதலில் மளிகைக்கடை அட்டைப்பெட்டியும் செல்லோடேப்பும். இரண்டு ஞாயிறு தாங்கினால் போதும். குழந்தைகள் அதை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள், எதில் ஏறுகிறார்கள், நீங்கள் நினைக்காத எந்த விதத்தில் விளையாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் தச்சரிடம் போங்கள். நாங்கள் அட்டையில் ஒரு தேர் செய்தோம், குழந்தைகள் அலங்கரிப்பார்கள் என்று நினைத்து. அவர்களுக்கு அலங்காரம் வேண்டியிருக்கவில்லை, வடம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இறுதியில் மரத்தில் செய்தபோது தடிமனான கயிறும் மெதுவாக உருளும் சக்கரமும் வைத்தோம், கயிறு கழுத்தில் சுற்றாத நீளத்தில்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நாற்காலியும் போட்டு, பாயும் மாற்றி, புதுப் பொருளும் வைத்தால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். மாற்றியதும் அதே கிழமை, அதே நேரம், அதே தாள். மே மாத ஞாயிற்றை ஜூலை ஞாயிற்றோடு ஒப்பிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள், மே மாதத்தில் விடுமுறைக் குழந்தைகள், ஜூலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள், இரண்டும் வேறு கூட்டம்.

பதில் சொல்லுங்கள்

பல இடங்களில் விடுபட்டுப்போகிற வேலை இது. கேட்டார்கள், எழுதினார்கள், அப்புறம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை வருகிறவர் எதற்கு எழுதப்போகிறார்? உள்ளே நுழைகிற இடத்தில், குழந்தையின் கண் மட்டத்தில் (ஆறு வயதுக் குழந்தை ஏறக்குறைய 115 சென்டிமீட்டர்தான்) ஒரு கரும்பலகை மாட்டுங்கள். மாதா மாதம் சாக்பீஸில் எழுதுங்கள், பெரிய எழுத்தில், சின்ன வாக்கியமாக, முடிந்தால் பக்கத்தில் படத்தோடு. யாரோ சொன்னார்கள், இதைச் செய்தோம். யாரோ கேட்டார்கள், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது. முடியாததை எழுதுவதுதான் கஷ்டம், ஆனால் ஜனங்கள் அதை மதிக்கிறார்கள், எங்கள் அனுபவத்தில் பலகை வந்த பிறகு பதிவேட்டில் 'சூப்பர்' குறைந்து முழு வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. 1989ல் ஐநா கொண்டுவந்து 1992ல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது, 12ஆவது பிரிவு தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் தங்கள் கருத்தைச் சொல்லவும் அதற்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தக் கரும்பலகையை நான் இந்த இரண்டையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஏழு வயது இருக்கும் ஒரு பெண் பதிவேட்டில் பென்சிலால் 'மண்ணு வேணும்' என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் ஒரு வாளியும் வரைந்து. ஹாலுக்குள் மணல் கொண்டுவர முடியாது, தூசி போய்க் காட்சிப் பொருட்களில் படியும், தரையையும் கீறும். பலகையில் அதை எழுதினோம். கூடவே, 'வெளியே முற்றத்தில் முடியுமா என்று பார்க்கிறோம்' என்றும் எழுதினோம். இரண்டு மாதம் ஆனது. வேப்ப மரத்தடியில் செங்கல் வைத்து ஒரு தொட்டி, கழுவிச் சலித்த மணல், ராத்திரி பூனை வராமலும் மழை விழாமலும் இருக்க மேலே மூடி. ஹாலுக்குள் திரும்பி வரும் வழியில் கால் தட்ட ஒரு தேங்காய்நார் மிதியடி.

ஜனவரியில் அந்தப் பெண் அவள் சித்தியோடு வந்தாள். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள், நேராக முற்றத்துக்கு ஓடினாள், முக்கால் மணி நேரம் கழித்து முழங்கால் வரை மணலோடு என்னிடம் வந்து நின்றாள்.

'மண்ணு நல்லா இருக்கு. தண்ணி எங்க?'

முற்றத்தில் ஒரு குழாய் இருக்கிறது. வழிகிற தண்ணீரை மரத்தடிக்கே விட முடியுமா என்று இப்போது பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.